எல்லாரும் ஓட்டுகிறார்கள்; போட்டிக்கு வருவது யார்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய அச்சு வடிவம்)



திருகோணமலையில் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் கோணேசர் கல்வெட்டைப் பற்றியோ தி. த. கனகசுந்தரம்பிள்ளையின் தமிழ்ப்பணியைப் பற்றியோ கேட்கலாம் என்று வருவதே வழக்கம். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் தொலைபேசியில், “என்ன, சைக்கிளோட்டமா?” என்றார். சைக்கிளோட்டந்தான். நான் சமூகவியல் படித்தவன். போட்டிக்கு ஓட்டியவன் அல்லன். ஆனால் ஒரு சமூகம் யாரை உள்ளே விடுகிறது, யாரை வாசலோடு நிறுத்துகிறது என்பதை அதன் சட்டப்புத்தகத்தைவிட விளையாட்டு மைதானம் தெளிவாகக் காட்டும்.

காலை ஏழு மணிக்கு உட்துறைமுக வீதியில் சற்று நின்று பாருங்கள். வெள்ளைச் சீருடையில் லுமாலா சைக்கிளில் போகும் மாணவிகள், கரியரில் பெட்டி கட்டிய மீன் வியாபாரி, ஹாண்டிலில் சாப்பாட்டுப் பார்சல் தொங்க வேலைக்குப் போகும் பெரியவர். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம். முஸ்லிம், தமிழர், சிங்களவர் என்ற மூன்று சமூகத்தில் எதுவும் பாதியை எட்டவில்லை. இந்த மூன்றும் கலந்து செல்லும் இடம் இங்கே வீதி ஒன்றுதான். ஆனால் தேசிய சைக்கிளோட்டப் போட்டிகளின் பெயர்ப்பட்டியலில் மூதூர்ப் பிள்ளையையோ கிண்ணியாப் பிள்ளையையோ, அதிலும் பெண்பிள்ளையை, தேடித்தான் பார்க்க வேண்டும்.

என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த இடைவெளிக்கு ஆர்வக் குறைவையும் திறமைக் குறைவையும் காரணம் காட்ட முடியாது. போட்டியை யார் நடத்துகிறார்கள், எங்கே நடத்துகிறார்கள், எந்தச் சைக்கிளில் ஓடச் சொல்கிறார்கள் ஆகிய மூன்றும், விசில் ஊதுவதற்கு வெகுமுன்பே ஆட்களைத் தெரிவுசெய்து விடுகின்றன. ஆகவே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு “எல்லாரும் வாருங்கள்” என்று அழைப்பது போதாது. போட்டியையே வேறு மாதிரி கட்ட வேண்டும்.

1. எழுதிய தடையும் எழுதாத தடையும்

சைக்கிளோட்ட வரலாற்றில் தடையை எழுதி வைத்த காலம் ஒன்று இருந்தது. 1894இல் அமெரிக்க சைக்கிளோட்டிகளின் சங்கம் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி செய்தது. மறு ஆண்டு பொஸ்டன் பகுதியைச் சேர்ந்த கிற்றி நொக்ஸ் என்ற கறுப்பினத் தையற்காரப் பெண், அதற்கு முன்பே பெற்றிருந்த தன் உறுப்பினர் அட்டையோடு அச்சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் நின்றார். பாவாடை அணியாமல் தானே தைத்த முழங்கால் காற்சட்டையில் ஓட்டியவர் அவர். 1899இல் மொன்றியலில் உலக வேக ஓட்டச் சம்பியனானவர் மேஜர் டெய்லர் என்ற கறுப்பின வீரர். உலகச் சம்பியனைத் தந்த நாட்டின் சங்கம் அந்த விதியை முறைப்படி நீக்கியது 1999இல். நூறு ஆண்டு.

பெண்கள் விடயமும் அப்படித்தான். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே சைக்கிளோட்டம் இருந்தது. பெண்களுக்கு முதல் ஓட்டம் கிடைத்தது 1984 லொஸ் ஏஞ்சல்ஸில். ஆணும் பெண்ணும் ஒரே எண்ணிக்கையில் களமிறங்க 2024 பாரிஸ் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

எழுதிய தடைக்கு ஒரு வசதி உண்டு. அதை எடுத்துக் காட்டலாம், எதிர்க்கலாம், ஒருநாள் அடித்துவிடலாம். நம் நாட்டில் அப்படி எழுதிய விதி எதுவும் இல்லை. இன்னார் ஓடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் பிள்ளைகள் வராவிட்டால் பழி பிள்ளைகள் மேல் விழுகிறது: “எங்கட பிள்ளைகளுக்கு உதில ஆர்வமில்ல சேர்.” இந்த வசனத்தை மூன்று சமூகத்தாரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

2. போட்டி யார் கையில்?

1960 ரோம் ஒலிம்பிக்கில் மொரிஸ் கூர் இலங்கைக்காக ஓடினார். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய இலங்கைச் சைக்கிளோட்டத்தின் முகம் வேறு. முன்னணியில் நிற்பவை இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அணிகள். ஆண்டுதோறும் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும் விமானப்படைச் சைக்கிள் சவாரி நாட்டின் மிகப் பெரிய ஓட்டங்களில் ஒன்று.

படைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு ஓட்டவீரனுக்குச் சம்பளம், சைக்கிள், சாப்பாடு, பயிற்சிக்கு நேரம், ஓட்டம் முடிந்த பிறகு ஓய்வூதியம் என்று அத்தனையையும் ஒரே கையால் கொடுக்கக்கூடியவை இந்நாட்டில் அவைதான். அவை இல்லாவிட்டால் இந்த விளையாட்டு எப்போதோ சுருங்கிப் போயிருக்கும். ஆனால் விளையாட்டின் ஏணி முகாமுக்குள் நாட்டப்பட்டிருந்தால், முகாமுக்குள் போகாதவர் ஏற முடியாது. மூதூரிலோ சம்பூரிலோ ஒரு தாய் தன் மகனைப் படையில் சேர்ப்பாளா என்ற கேள்விக்கான விடையை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், கடற்படையின் கிழக்குக் கட்டளையகம் இங்கே. விமானப்படைக் கல்விக்கூடம் சீனக்குடாவில். சைக்கிளோட்டத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு நிறுவனங்கள் இந்த ஊரின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றின் மதிலுக்கு வெளியே உள்ள வீதியில் ஓட்டும் பிள்ளைக்கு அவற்றால் வரும் பயன், ஓட்டம் கடந்து போகும்போது கைதட்டுவது.

மாற்றுத்திறனாளர் விளையாட்டிலும் இதே கதைதான். டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத் இராணுவ வீரர், போரில் காயமடைந்தவர். அவருடைய சாதனை நாட்டின் பெருமை. பராலிம்பிக்கில் சைக்கிளோட்டமும் உண்டு. கையால் சுற்றும் சைக்கிள், மூன்று சக்கர சைக்கிள், பார்வையற்றவர் பின்னிருக்கையில் அமர்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் என்று ஒவ்வொரு உடல் நிலைக்கும் ஒரு வகுப்பு. இந்த மாவட்டத்தில் கண்ணிவெடியிலும் எறிகணையிலும் கால் இழந்த பொதுமக்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்த ஏணியின் அடிப்படி எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்து மதிலுக்கு வெளியே அப்படி ஒன்று நாட்டப்படவில்லை.

வழி இல்லாமல் இல்லை. துறைமுக அதிகாரசபை இங்கே இருக்கிறது. சீனக்குடாவில் மா ஆலை இருக்கிறது. வங்கிகள், மின்சார சபை, தபால் திணைக்களம் இருக்கின்றன. கிரிக்கெட் ஆடுபவருக்கு வேலை கொடுத்து அணி வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்நாட்டில் பழையது. சைக்கிளோட்டத்துக்கு ஆண்டுக்கு இரண்டே இரண்டு பேரை, ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக, எடுத்தாலும் போதும். சிவில் உடையில் ஓர் ஏணி நின்றுவிடும்.

3. வீதி

இது மைதானத்தில் ஆடும் விளையாட்டு அல்ல, வீதியில் ஆடும் விளையாட்டு. வீதி உங்களுடையது என்ற எண்ணம் இல்லாமல் இதை ஆட முடியாது.

இந்த அவையில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் போர்க்காலம் நினைவிருக்கும். சோதனைச் சாவடி தூரத்தில் தெரிந்ததுமே சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் எடுத்து, உருட்டிக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் போன பிறகுதான் மறுபடி ஏற வேண்டும். ஏறி மிதிப்பதைவிட இறங்கி உருட்டுவதில் தேர்ச்சி பெற்ற தலைமுறை அது. அந்தத் தலைமுறையினர்தான் இன்றைய பெற்றோர். மகள் விடியற்காலையில் நிலாவெளி வீதியில் தனியாக முப்பது கிலோமீற்றர் ஓட்டிப் பழகப் போகிறேன் என்றால், அவர்கள் முகத்தில் வரும் கலக்கத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

வீதியே இல்லாமல் துறைகளாலும் படகுப்பாதைகளாலும் துண்டுபட்டிருந்த மாவட்டம் இது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் கிண்ணியாவிலிருந்து நகரத்துக்கு ஓர் ஓட்டம் என்றால் நடுவே படகுப்பாதைக்குக் காத்திருக்க வேண்டும். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் காலத்துக்கு விடப்பட்டிருந்த படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்ததை மறக்க முடியுமா?

இன்று வடக்கே குச்சவெளி, புல்மோட்டை வரை கடலோரமாகச் சமதரையில் நல்ல வீதி. தெற்கே வெருகலைத் தாண்டி மட்டக்களப்பு வரை போகலாம். சைக்கிளோட்டத்துக்கென்றே போட்டது போன்ற வீதிகள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எதிர்க்காற்றில் மிதித்துப் பழகியவனுக்கு உலகத்தில் எந்தக் காற்றும் பெரிதல்ல.

4. பெண்கள்

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். நான் கண்ட அளவில், முதலில் ஆண்களுக்கான சைக்கிளோட்டம் கோவிலடியிலிருந்து புறப்பட்டு ஊரைச் சுற்றி வரும். பெண்களுக்கு? மெதுவான சைக்கிளோட்டம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கால் நிலத்தில் படாமல், கோட்டைத் தாண்டாமல், கடைசியாக வந்து சேர்பவருக்கு முதற்பரிசு. ஆணுக்கு வேகம், பெண்ணுக்கு மெதுவு. யாரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை, பழக்கம் செய்கிறது.

ஆனால் அந்தக் கோட்டுக்குள் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? முன்சக்கரத்தைச் சற்றே திருப்பி, பின்பிறேக்கை விரலால் தொட்டும் தொடாமலும், மிதியில் எடையை மாற்றி மாற்றி, சைக்கிளை நின்ற இடத்திலேயே நிறுத்தி வைப்பார் அந்தப் பெண். ஓடுபாதை வேக ஓட்டத்தில் உலகச் சம்பியன்கள் செய்வதும் இதையேதான். எதிராளியை முன்னால் போகவிட்டு அவர் முதுகுக் காற்றில் ஒதுங்குவதற்காக, ஓடுபாதையின் சரிவிலே அசையாமல் நிற்பார்கள். அதற்கென்று பயிற்சி எடுப்பார்கள். நம் ஊர்ப் பெண் சாறியோடு அதைச் செய்து ஒரு பிளாஸ்ரிக் வாளியைப் பரிசாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். விழாவுக்கு வந்த எந்தப் பயிற்றுநரும் அவர் பெயரைக் குறித்துக்கொள்வதில்லை.

பெண்கள் சைக்கிளில் ஏறினால் என்ன நடக்கும் என்பதைத் தமிழுலகம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1991, 92இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தது. கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிகளும் ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. அங்கே பழகியவர்கள் ஊர் நடுவே, எல்லார் கண்ணெதிரிலும், கூட்டமாக ஓட்டிக் காட்டினார்கள். தனியாக ஓட்டும் பெண்ணைப் பற்றி ஊர் பேசும். நூறு பேர் சேர்ந்து ஓட்டினால் பேச்சு ஓய்ந்துவிடும்.

உடை பற்றி. 2018இல் இந்நகரில் ஆசிரியைகளின் ஆடையைப் பற்றி எழுந்த சர்ச்சை எத்தனை காயத்தை விட்டுச் சென்றது என்று நாம் அறிவோம். அதனால் கருத்தை நேராகவே சொல்கிறேன்: மாவட்டப் போட்டியில் உடை பற்றிய விதி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். செயினிலும் கம்பியிலும் மாட்டக்கூடாது. முழுக்கை, தலைமறைப்பு, நீளக் காற்சட்டை, குட்டைக் காற்சட்டை எல்லாம் ஓடுகிறவரின் விருப்பம். மறைப்பைக் கழற்றினால்தான் ஓடலாம் என்பதும் தவறு. போட்டால்தான் ஊர் அனுமதிக்கும் என்பதும் தவறு. ஆப்கானிஸ்தானில் கல்லடி பட்டாலும் பெண்கள் சைக்கிளோட்டினார்கள். அந்நாட்டிலிருந்து வெளியேறிய ஹாஷிமி சகோதரிகள் இருவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடினார்கள். உடையைப் பற்றி வாதாடும் நேரத்தில் நம் பிள்ளைகள் நாலு சுற்று ஓடிவிடலாம்.

பாதுகாப்பு பற்றியும் பேசியாக வேண்டும். இதைத் தயங்கித் தயங்கியே பேசாமல் விடுகிறோம். 2022இல் பயிற்சிக்காக ஸ்லோவேனியா சென்றிருந்த இந்திய அணியின் வீராங்கனை ஒருவர் பயிற்றுநர் மீது முறையிட்டார். அணி திருப்பி அழைக்கப்பட்டது. பயிற்றுநரின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. தேசிய அணியிலேயே இப்படியென்றால் கிராமக் கழகத்தில் முறையிட யார் இருக்கிறார்? ஒவ்வொரு கழகத்திலும் பயிற்றுநர் அல்லாத ஒரு பெண் பொறுப்பாளர் இருக்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்கு அவர் கூடப் போக வேண்டும். அவருடைய பயணச் செலவு போட்டிச் செலவின் பகுதியாக எழுதப்பட வேண்டும். பெற்றோரின் பாதி மறுப்பு அதோடு தீரும்.

5. இயந்திரம்

உலகப் போட்டிகளில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. நம் வீட்டுச் சைக்கிள் அதன் இரண்டரை மடங்காவது இருக்கும். இலேசான சைக்கிளின் விலை இலட்சங்களில். இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி “சம வாய்ப்பு” என்று சொல்வது ஏமாற்று.

ஜப்பானில் 1948 முதல் நடக்கும் கெய்ரின் என்ற ஓடுபாதை வேக ஓட்டத்தைப் பாருங்கள். அங்கே ஆண்கள் ஓட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட உருக்குச் சட்டச் சைக்கிள்தான். பணக்காரனுக்கும் அதே, ஏழைக்கும் அதே. கோடிக்கணக்கான பணம் புரளும் நாட்டில் அப்படி வைத்திருக்கிறார்கள். நாம் சாதாரண சைக்கிள் பிரிவு ஒன்றை வைத்தால் அது தரம் குறைந்த போட்டி என்று மூக்கைச் சுளிக்க ஒன்றுமில்லை.

6. கடலுக்கு அந்தப் பக்கம்

இந்தியச் சைக்கிளோட்டத்தின் அண்மைக்கால வரலாற்றைத் தேடினால் டெல்லிக்கும் மும்பைக்கும் போகுமுன் அந்தமானுக்குப் போக வேண்டியிருக்கிறது. டெபோரா ஹெரோல்ட் 2004 ஆழிப்பேரலையில் மரமொன்றில் தங்கி உயிர்பிழைத்த சிறுமி. 2015இன் இறுதியில் 500 மீற்றர் தனிநேர ஓட்டத்தின் உலகத் தரவரிசையில் 4ஆம் இடத்தில் இருந்தார். 2018இல் சுவிற்சர்லாந்தின் எய்கிளில் நடந்த கனிஷ்ட உலகப் போட்டியில் கெய்ரினில் வெள்ளி வென்ற எசோ அல்பன், கார் நிக்கோபாரைச் சேர்ந்தவர். உலகச் சைக்கிளோட்டப் போட்டிகளில் இந்தியாவுக்குக் கிடைத்த முதற் பதக்கம் அது.

நூறு கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில் நாலு இலட்சம் பேர்கூட இல்லாத தீவுக்கூட்டம் எப்படி முந்தியது? போர்ட் பிளேயரில், இன்று ஸ்ரீ விஜயபுரம் என்கிறார்கள், ஓர் ஓடுபாதை இருக்கிறது. அதையொட்டிப் பிள்ளைகள் பழகினார்கள், பயிற்சி கிடைத்தது, தீவின் பழங்குடிப் பிள்ளையும் அங்கே வந்து சேர முடிந்தது. அதே வங்காள விரிகுடா, அதே ஆழிப்பேரலை, மக்கள் தொகையும் ஏறக்குறைய நம்முடைய மாவட்டத்தினது அளவு. அங்கே போட்டி பிள்ளைகளிடம் போனது. இங்கே பிள்ளைகள் போட்டியைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஓடுபாதை கட்டுங்கள் என்று அரசை நான் கேட்கப் போவதில்லை. இன்றைய நிலையில் கேட்டால் சிரிப்பார்கள். கையில் இருப்பதை வைத்து ஒன்று செய்யலாம்: மாதத்துக்கு ஒரு சுற்றுவீதி ஓட்டம். இரண்டு கிலோமீற்றர் சுற்றளவுள்ள வீதியை இரண்டு மணி நேரம் மட்டும் மூடினால் போதும். ஒரு மாதம் திருகோணமலையில், அடுத்த மாதம் கிண்ணியாவில், பிறகு கந்தளாயில், மூதூரில் என்று சுழலட்டும். கோட்டைப் பக்கம் மட்டும் வேண்டாம். அங்குள்ள மான்கள் எந்த நடுவருக்கும் கட்டுப்படா.

இத்தகைய ஓட்டத்தில் தூரம் வைக்க வேண்டியதில்லை, நேரம் வைக்கலாம்: நாற்பது நிமிடமும் அதற்கு மேல் மூன்று சுற்றும். ஆணுக்கும் அதே, பெண்ணுக்கும் அதே. பாரிஸிலேயே வீதி ஓட்டம் ஆண்களுக்கு 273 கிலோமீற்றர், பெண்களுக்கு 158 என்று இருந்தது. அந்த விவாதமே நமக்கு வேண்டாம். பின்தங்கியவர் ஊருக்கு வெளியே தனியாக விடப்பட மாட்டார். சுற்றுக்கு ஒருமுறை தாய் தகப்பன் கண்ணில் படுவார். சாதாரண சைக்கிள் பிரிவில் பொதுவாக வாங்கிய சைக்கிள்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கலாம். மூன்று சக்கரச் சைக்கிளுக்கும் கைச் சைக்கிளுக்கும் அதே சுற்றில் இடம் உண்டு. அறிவிப்பு தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும்.

நாள் எது என்பதில்தான் பல நல்ல திட்டங்கள் கவிழ்கின்றன. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை. ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை, தஹம் பாடசாலை, தேவாலயப் பூசை. போயா நாள் பௌத்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. ரமழான் மாதத்தில் ஓட்டமே கூடாது. மிஞ்சுவது சனிக்கிழமை விடியற்காலை. ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்தால் வெயிலுக்கும் முந்தலாம், ரியூசனுக்கும் பிந்தாமல் போகலாம். ரியூசன் ஆசிரியர்கள் ஒரு அரை மணி நேரம் விட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. அவர்களில் சிலர் இங்கேயே இருக்கிறார்கள்.

இத்தனை பிரிவு வைத்தால் பரிசுக்குக் காசு எங்கே என்று பிரதேச விளையாட்டு உத்தியோகத்தர்கள் கேட்பார்கள். கிண்ணத்தையும் கேடயத்தையும் விடுங்கள். முதலாமவருக்கு ஒரு சோடி டயர், அடுத்தவருக்கு டியூப், மூன்றாமவருக்குச் செயின், முடித்த அனைவருக்கும் பிறேக் கட்டை. ஓடித் தேய்ந்தது ஓடியே திரும்பி வரட்டும்.

இன்னும் தேவைப்படுவது ஒரு லொறி. வெருகலிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் சைக்கிள்களை வெள்ளி மாலையே ஏற்றி வர வேண்டும். லொறி வைத்திருக்கும் இருவரை முன்வரிசையில் பார்க்கிறேன். தேநீர் வேளையில் அவர்களைத் தப்ப விடாதீர்கள்.